நான் தேய்த்த காலணா

மச்சி, இன்று வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரி குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாடை கூடம் வரைக்கும் வருகிறது. எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் இரண்டு பேரும் ஐம்பது வயதுக்கு மேல் பழைய காசு சேர்க்கக் கிளம்பியவர்கள். ஒரே வகுப்பில் படித்த காலத்தில் ஸ்டாம்ப்கூடச் சேர்க்காத ஆட்கள். பட்டினப்பாக்கத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடும் உனக்கும், மயிலாப்பூரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் எனக்கும் சேர்த்து ஒரே ஒரு லென்ஸ். அதையும் நான்தான் வைத்துக்கொள்வேன். இரண்டு வீடியோ பார்த்துவிட்டு, எந்தக் காசைக் காட்டினாலும் "இது தேய்மானம், இது நல்ல நிலை" என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டு திரிந்தவனும் நான்தான்.

ஒரு நாள் உன் அம்மாவின் ஜெபமாலை டப்பாவில் இருந்த செப்புக் காலணாவைக் கடைக்குக் கொண்டுவந்தாய். அம்மா போன பிறகு உனக்கென்று நீ எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். காசு சேகரிப்பவர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதன்முதலாக அதை வைக்கப்போவதாகச் சொன்னாய்.

"இன்னா நெலமைல கீதுன்னு பாத்து சொல்லு மச்சி. உன் கைல குட்த்துட்டேன், எனுக்கு கவல இல்ல" என்றாய்.

லென்ஸில் பார்த்தேன். ஒரே பழுப்பு. வருஷம்கூடச் சரியாகப் பிடிபடவில்லை. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் செம்புச் சொம்பு கறுத்தால் என்ன செய்வோம்? அதையே செய்தேன். புளியும் உப்பும் வைத்துக் கட்டைவிரல் வலிக்க வலிக்கத் தேய்த்தேன். காசு பளபளவென்று வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"டேய், புச்சு மாரி கீதே! இன்னா பண்ண?" என்றாய், திரும்ப வாங்க வந்தபோது.

"ஒண்ணுமில்ல, சும்மா தண்ணில கழுவுனேன். டாப் கண்டிஷன் மச்சி" என்றேன்.

கூட்டத்தில் பெரியவர் ஒருவர் காசை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் மெல்லிய கீறல்கள். "அந்தப் பழுப்பு அழுக்கு இல்லீங்க. செம்புக் காசுக்கு அதான் தோல். அப்படியே விட்டிருந்தா பிரமாதமான காசு. யாரு இதத் தேச்சது?" என்று கேட்டார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் மேஜையில் இருந்த வேறு ஏதோ ஒரு காசைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நான்தான் சார். புத்தி கெட்டுப்போய் தேச்சுட்டேன்" என்றாய்.

வண்டியில் திரும்பும்போது வஞ்சிரம் வரத்து குறைந்துபோனதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு! ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று வருவேன், டீ குடித்துவிட்டுப் போய்விடுவேன். நான் கோழை, மச்சி. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். நீ ஒரு வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய்.

சாந்தோமில் உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது, உன் மகன் என் கையைப் பிடித்து அந்தக் காலணாவை வைத்தான்.

"நீங்களே வெச்சுக்கோங்க மாமா, ஆயா காசு. எங்கப்பாதான் தெரியாம தேச்சு பாழ் பண்ணிட்டாரு. அதுக்காக அவர தப்பா நெனச்சுக்காதீங்க."

பெற்ற பிள்ளையிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பரவால்லப்பா" என்றுதான் வந்தது.

நீ செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்துவிட்டு, காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். உன் மகனிடம் இன்னும் சொல்லவில்லை.