சீர் செய்யப்பட்ட பாதை

ஊர் நலக் கமிட்டியின் தீர்மான நோட்டிலிருந்து கடைசித் தாளைக் கிழித்து, கமிட்டிச் செயலாளரான தன் புருஷன் தீனதயாளனுக்கு எழுத உட்கார்ந்தாள் அஞ்சலாட்சி.

இட ஒதுக்கீட்டு மறியலில் மணலூர்பேட்டை ரோட்டில் சாய்த்த புளியமரத்தை அப்புறப்படுத்துகிறோம் என்று நேற்றுக் கமிட்டிக்காரர்கள் தாமாகவே கிளம்பினார்கள். அடிமரத்தை ஆளுக்கொரு துண்டாய் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கிளைகளெல்லாம் ரோட்டிலேயே கிடந்தன. நோட்டிலோ 'பாதை சீர் செய்யப்பட்டது' என்றிருந்தது.

"பழைய சோறு மூடி வச்சிருக்கேன். வெங்காயம் உரிச்சிக்குங்க. பின்னால அடுக்கியிருக்கிற அந்தக் கட்டை காஞ்சாலும் அதுல நான் ஒலை வைக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன நெறமாசக்காரி கமலா, காலையில வண்டிய விட்டு எறங்கி, கெளையச் சுத்திக்கினு சேத்துல நடந்து போனா. நீங்கல்லாம் ஒரு கமிட்டி! சாவி கொட்டாய் எறவாணத்துல, கூரை ஓலைக்குள்ள சொருகியிருக்கு."

மடித்தவள், மறுபடி பிரித்து ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

"சாயங்காலம் கமிட்டிக்காரங்க வந்தா டீ நீங்களே போட்டுக் குடுங்க. ஊறுகா மேல் பலகையில இருக்கு."

இடம் போதவில்லை. தாளைத் திருப்பினாள்.

"கொடுவாளத் தேடாதீங்க. தெருப் பொம்பளைங்களோட கெளைய வெட்டித் தள்ளப் போறேன். நோட்டுல நீங்க எழுதுன பொய்ய அடிக்க வேணாம். பொழுது சாயறதுக்குள்ள நெசமாயிடும்."