சட்டையோடு கடலில் இறங்கியவர்

பிப்ரவரி 4

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே பேசலாம்தான். ஆனால் காலமெல்லாம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது, நீ சொல்வதில் பாதியை நடுவழியில் இறக்கிவிட்டுத்தான் மீதியை எனக்குக் கொண்டுவருகிறது. அதனால் கடிதம். பிழை இருந்தால், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் என்று பொறுத்துக்கொள்.

"நான் முன்னால இருந்த வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கு, போய்க் கடல் காத்து வாங்குங்கப்பா" என்று சாவியை அனுப்பினாயே, வந்ததிலிருந்து காற்று வாங்கவில்லை, அதிர்ச்சிதான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் காலை லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே ஒரு மனிதர். இடுப்பில் கைக்குட்டைக்குத் தம்பி மாதிரி ஒரு துணி, உடம்பெல்லாம் மணல், கையில் முட்டை அட்டை. "குட் மார்னிங் சார்!" என்றார். நான் லிஃப்டின் கூரைக்கு குட் மார்னிங் சொன்னேன். விசாரித்தால் நம் மூன்றாம் மாடிப் பல் டாக்டராம். அவரை முழுசாகப் பார்த்துவிட்ட பிறகு நான் எப்படி அவரிடம் வாயைத் திறப்பது?

பாங்கில் எனக்கு முன்னால் ஈர நீச்சலுடையோடு ஓர் அம்மாள், சொட்டச் சொட்ட நிற்கிறார். பணம் எண்ணுகிறவர் தலையை நிமிர்த்தி, "கடல் இன்னிக்கு எப்படி?" என்கிறார். "குளம் மாதிரி கிடக்கு" என்கிறார் அம்மாள். திடுக்கிட்டவன் அந்தப் பாங்கில் நான் ஒருவன்தான். நாயைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். உடற்பயிற்சிக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிய ஒரு கிழவர் என்னை நிறுத்தி வயதைக் கேட்டார். சொன்னேன். "சின்னப் பையன்" என்று சொல்லிவிட்டுத் தொங்குவதைத் தொடர்ந்தார்.

இந்தத் தெருவைப் படம் பிடிக்க உலகமே வருகிறது. பால்கனியில் நான் காயப்போட்ட பனியன் இந்நேரம் எத்தனை நாட்டு ஆல்பத்தில் பறக்கிறதோ.

ஒன்று மட்டும் பிடித்திருக்கிறது. நீதிபதியும் மீன் வெட்டுகிறவரும் ஒரே அளவு துணியில் கைப்பந்து ஆடுகிறார்கள். ஆளின் பெருமையைச் சட்டையை வைத்துத்தானே நாம் எடை போடுவோம்? இங்கே அதற்கு வழியில்லை. தொப்பையை வைத்துப் பார்த்தால், இந்தக் கடற்கரைக்கே நான்தான் தலைமை நீதிபதி.

உன் அத்தை போன் செய்தாள். நின்றுபோன உன் கல்யாணத்தை மறுபடியும் கிளறினாள். "என் மக அதைத் தூசி மாதிரி தட்டி விட்டுட்டா, உனக்கென்ன?" என்று வாயை அடைத்துவிட்டேன். சரிதானே?

இப்படிக்கு,
துணியுள்ள உன் அப்பா


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில், ரத்தப் பரிசோதனைக் குழாய்களுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பல் டாக்டர் தங்கமான மனிதர். பயப்படாமல் வாயைத் திறங்கள்.

மணலில் முழுக்கால் சட்டையும் ஷூவுமாகத்தான் நடக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து ஓர் அரைக்கால் சட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நடப்பதானால் வடக்குப் பக்கமாகவே நடங்கள். தெற்கே, குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற இடத்தில் வெயில் அதிகம். அங்கே இருக்கிறவர்கள் பேச்சும் அதிகம்.

அத்தையிடம் சொன்னது சரிதான் அப்பா. தூசிதான்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் அன்பு மகள்


மார்ச் 2

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நீ தெற்கே போக வேண்டாம் என்றாய், அதனால் தெற்கே போனேன். அங்கேயும் அதே வெயில்தான். இத்தனை நாள் கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கால் நனைக்காமல் இருக்கிறோமே என்று தோன்றியது. சட்டையைக் கழற்ற வெட்கம். ஷூவைக் கழற்றி வைத்தால் எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று சந்தேகம். ஆகவே பாங்குக்குப் போகிறவன் மாதிரி சட்டை, பெல்ட், ஷூ எல்லாவற்றோடும் தண்ணீரில் இறங்கினேன். முட்டி வரைக்கும் போனேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் நாலு அடி வைத்தேன்.

பின்னால் ஒரு விசில். திரும்புவதற்குள் கைப்பந்து ஆடிய கூட்டம் மொத்தமும் என்மேல் விழுந்தது. நீதிபதி என்னை இடுப்போடு கட்டிப் பிடித்தார். டிரைவரையும் நீதிபதியையும் சந்திக்க வைக்க வேறு எத்தனையோ வழி உண்டு, கடவுள் எனக்கு இதை வைத்திருந்தார். பல் டாக்டர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். மணலில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். யாரும் திட்டவில்லை. "ஏன்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. குடை வாடகைக்கு விடுகிற அம்மாள் துண்டைப் போர்த்தி, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் கால் நனைக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"ஆமாங்கய்யா, ஆமாம்" என்றார், காய்ச்சல்காரனுக்குச் சொல்கிற மாதிரி.

"சத்தியமா! வெட்கப்பட்டுக்கிட்டுச் சட்டையோட இறங்கிட்டேன்."

விசில் ஊதிய கரைக் காவலர் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். "பெரியவரே, இந்தக் கரையில துணியில்லாம எறங்கினா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. உடுப்பும் ஷூவுமா எறங்கினா அத்தனை பேரும் எந்திரிச்சு ஓடணும், அதுதான் இங்கத்த வழக்கம். முதல்ல வெளிய இழுக்கணும், கேள்வியெல்லாம் அப்புறம்" என்றார். எனக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை. நல்ல வழக்கம் என்று தலையாட்டினேன்.

"எந்த வீடு நீங்க?" என்று அம்மாள் கேட்டார். "மஞ்சள் கட்டடம், ஆறாவது மாடி, மூலை வீடு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ரேடியோவின் வாயை அடைத்த மாதிரி நின்றது.

"லேப் பொண்ணோட அப்பாவா?" என்றார் அம்மாள்.

பல் டாக்டர், "அக்கா, வேணாம்" என்றார். என்னவென்று நான் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சோம்யா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அழுதார். பிறகு சொன்னார். போன வருஷம், கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டையோடு, காலில் ஷூவோடு நீ இறங்கினாயாம். இதே நீதிபதி, இதே டாக்டர், இதே விசில். அதற்கப்புறம் அந்த அம்மாள் நம் வீட்டுக் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தாராம், நீ தூங்குகிற வரைக்கும், பல நாள்.

"இப்ப நல்லா இருக்காளா?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்கா" என்றேன். சொன்ன பிறகுதான், அது எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? "என்னப்பா?" என்றாய். வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அமுக்குவது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பட்டன் எனக்குத் தெரியும் கண்ணு.

இது நிஜமா?

அப்பா


மார்ச் 13

அப்பா,

நிஜம்தான்.

கல்யாணம் நின்றதற்காக என்று நினைக்காதீர்கள். அது நின்றபோது வலித்தது, சரியாகவும் போயிருக்கும். அதற்கப்புறம் வந்ததுதான் எனக்குப் பெயர் தெரியாத ஒன்று. காலையில் எழுந்து பல் தேய்ப்பதே மலையேறுகிற மாதிரி இருந்தது. லேபில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். உங்களிடம் போனில் அந்த மாப்பிள்ளையின் மீசையைக் கிண்டல் செய்தேன், நீங்கள் இருமி இருமிச் சிரித்தீர்கள். நம் வீட்டில் சிரிப்புதானே கதவுக்குத் தாழ்ப்பாள்? நான் உள்ளேயிருந்து போட்டுக்கொண்டேன். உங்களுக்கு அது வெளியே தெரியாது. உங்கள் மேல் தப்பே இல்லை.

அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குத்தான் நடந்தேன். எப்போது கடல் பக்கம் திரும்பினேன் என்று எனக்கே தெரியாது.

அவர்கள் என்னிடமும் ஏன் என்று கேட்கவில்லை. குடைக்கார அம்மா என் தலையைத் துவட்டிவிட்டு, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார்கள். பல் டாக்டர்தான் சரியான டாக்டரிடம் கூட்டிப் போனார். இப்போதும் இங்கே ஒரு டாக்டரைப் பார்க்கிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். பெரும்பாலான நாள் நன்றாக இருக்கிறேன். இதைத் தமாஷாக எழுதவில்லை, அளந்துதான் எழுதுகிறேன்.

காற்று வாங்க என்று உங்களை அங்கே அனுப்பியது பொய். உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தெருவே சொல்லிவிடட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. பிறகு பயம் வந்து, தெற்கே போகாதீர்கள் என்று எழுதினேன். வேண்டாம் என்றால் அதைத்தான் செய்வீர்கள் என்று தெரிந்தே எழுதினேனோ என்னவோ.

எனக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். சிரிக்க வைக்காமல் ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை அப்பா.

மகள்


மார்ச் 24

என் மகளே,

எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் எங்கேயாவது ஒரு தமாஷ் வந்து உட்கார்ந்துகொண்டது. இது அதெல்லாம் போக மிஞ்சியது.

எனக்குக் கோபம் வருகிறது. உன் மேல், என் மேல், கடல் மேல். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டேன். இரண்டு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. குளிக்கிற அறையில் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன் அம்மா போனபோதுகூட ஆட்களுக்கு முன்னால் நான் அழவில்லை. இப்போது குடைக்கார அம்மாளுக்கு முன்னாலும் அழுதேன், நீதிபதிக்கு முன்னாலும் அழுதேன்.

பயமாக இருக்கிறது. நீ இல்லாத உலகத்தில் நான் ஒரு வருஷம் இருந்திருப்பேன். இந்தக் கடிதத்துக்கு விலாசமே இருந்திருக்காது.

அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். பல் டாக்டர் என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்யா. அவ வந்தா சொல்லுங்க, ஒரு காபி சாப்பிடணும்" என்றார். நீ வரத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படாதே. அவர்களுக்கு அதெல்லாம் கிடையாது.

நல்லா இல்லையென்றால் நல்லா இல்லை என்று எழுது. நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லித் தர மாட்டேன், எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. இனி அப்படி ஒரு நாள் வந்தால், எந்த வேளையாக இருந்தாலும், முதலில் என்னை எழுப்புவாயா? நீளமாக எழுத வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

அப்பா


ஏப்ரல் 3

அப்பா,

எழுப்புவேன். திட்டினாலும் எழுப்புவேன்.

மகள்