லைனிங் துணிக்குள் நாற்பது பூக்கள்

மார்ச் 3

அடி பூதக்கண்ணாடி,

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. எட்டு வருடமாக ஒரு வரி எழுதாதவள், இன்று கால் தரையில் நிற்காமல் எழுதுகிறேன். நீ சொன்னதுதான் சரி!

நாம் ஆராய்ந்த தோட்டத்து மரம் நினைவிருக்கிறதா? மொட்டுகளுக்கு வலைப்பை கட்டினோம், பூச்சி எதுவும் நெருங்கக்கூடாதென்று. ஆனாலும் காய்த்தது. "இந்த மரத்துக்குப் பூச்சியே வேண்டாம்" என்று நான் கட்டுரை எழுதிப் பேர் வாங்கினேன். "வலைக்கண் வழியா ஏதோ பொடிப் பூச்சி நுழையுதுடி" என்று நீ மட்டும் அடித்துச் சொன்னாய்.

இந்த முறை வலை தீர்ந்துவிட்டது. தையல் கடையில் வலையைவிட நெருக்கமான லைனிங் துணி வாங்கி நாற்பது பை தைத்துக் கட்டினேன். ஒரு பூகூடக் காய்க்கவில்லை! உடனே வலைப்பைக்குள் இருந்த பூவை வெள்ளைத் தாளில் உதறினேன். எள்ளில் பாதிகூட இல்லாத இலைப்பேன்கள், உடம்பெல்லாம் மகரந்தத்தோடு ஓடின. வெள்ளிக்கிழமையே புதுக் கட்டுரையை அனுப்புகிறேன், உன் பெயர்தான் முதலில்.

அன்றும் இன்றும்
அவசரக்குடுக்கை


மார்ச் 9

அவசரக்குடுக்கைக்கு,

வகுப்பில் வைத்தே பிரித்துவிட்டேன். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மூன்று முறை படித்தேன். "டீச்சர், லாட்டரி விழுந்துச்சா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

சந்தோஷம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அன்று ஆய்வுக் கூட்டத்தில் இதே பூச்சிகளை நான் தாளில் காட்டியபோது, "அது தூசு, கண்ணாடியைத் துடைச்சிட்டு வா" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாய். நான் ஆராய்ச்சியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அதனால்தான்.

இப்போதும் அதே தப்பைத்தான் செய்யப்போகிறாய். காற்றுப் புகாத துணிக்குள் பூ வெந்து உதிர்ந்திருந்தால்? அதே துணிப்பைக்குள் நாற்பது பூவுக்குக் கையால் மகரந்தம் தடவு. இன்னொரு நாற்பதில் பூச்சியைப் பிடித்து விடு. காய்க்காவிட்டால் என் பேச்சுக்கு ஆதாரம் இல்லை, அதையும் எழுது. காய்த்தால், பழைய கட்டுரை தப்பு என்று முதலில் நீயே கையெழுத்துப் போட்டுச் சொல். அதுவரை என் பெயரை எங்கும் போடாதே.

பூதக்கண்ணாடி


ஏப்ரல் 6

என் பூதக்கண்ணாடியே,

பிஞ்சு விட்டது! கையால் தடவிய நாற்பதில் முப்பத்தொன்று. பூச்சி விட்டதில் இருபத்தாறு. வெறும் துணியில் மறுபடியும் பூஜ்யம். நான் போட்ட கூச்சலில் தோட்டக்காரர் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "பாம்பாம்மா?" "பாம்பில்லண்ணே, பிஞ்சு!" மனிதர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

எங்கள் ஆய்வு நிலைய இயக்குநர்தான், "புதுசை மட்டும் போடுங்க. பழசைக் கிளறி ஏன் வாங்கிக் கட்டிக்கிறீங்க?" என்றார். இந்த வேலையே அந்தக் கட்டுரையால் கிடைத்ததுதான். என்னை நிரந்தரமாக்குவதா என்று அடுத்த மாதம் முடிவு செய்கிறார்கள். பழையது தப்பு என்று எழுதிய கடிதம் மூன்று நாள் மேஜை இழுப்பறையில் கிடந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை இதழுக்கு அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன். "கண்டு சொன்னவரைக் கேலி செய்து வாயடைத்தேன்" என்ற வரியை அடித்துவிடச் சொன்னார் இயக்குநர். அடிக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேசமாட்டேன், பயமாகத்தான் இருக்கிறது. என்னை மன்னிப்பாயா?

அவசரக்குடுக்கை


ஏப்ரல் 12

அடியே,

நகலைப் படித்தேன். பாதிக்கு மேல் எழுத்து மங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன்.

எட்டு வருடக் கோபம் ஒரு தபாலில் இறங்காது. பக்கத்தில் இருந்து தினமும் திட்டினால் சீக்கிரம் இறங்கலாம்.

அதிருக்கட்டும், பூச்சி விட்டதில் பதினான்கு பூ ஏன் காய்க்கவில்லை? பூ விரிந்த முதல் நாள் விட்டாயா, இரண்டாம் நாளா? குறிக்கவே இல்லையே, பாவி! இரண்டு நாளாக எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

தலைமையாசிரியரிடம் நான்கு மாத விடுப்புக் கேட்டேன். "உடம்புக்கு என்னம்மா?" என்றார். "சரியாயிடுச்சு சார், அதான்" என்றேன்.

பதினெட்டாம் தேதி காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். அதுவரை ஒரு மொட்டிலும் கை வைக்காதே.

பூதக்கண்ணாடி