‘இல்லை’ வேறு, ‘அல்ல’ வேறு, நைனா

சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டே ஆயுள் முழுக்கத் திருப்பதிச் சாமி மலைக்குப் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த என் அருமை நைனாவுக்கு,

“செத்தவனுக்குக் கடுதாசியா? இன்னாடி பைத்தியக்காரத்தனம் இது?” என்று கேட்பாய். கேட்டுக்கொள். எனக்கு இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும். நைனா, நான் ஜெயித்துவிட்டேன்! திருப்பதியில், ஆட்கள் நிறைந்த மண்டபத்தில், என் முனைவர் பட்ட ஆய்வை எல்லோர் முன்னாலும் வாதாடிக் காப்பாற்றிவிட்டேன். இனி உன் மகள் டாக்டர். ஊசி போடாத டாக்டர்.

இடைக்கால ஐரோப்பாவின் கிறிஸ்தவத் துறவிகள் கடவுளின் இயல்பைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று ஆராயப் போகிறேன் என நான் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? சத்தியவேட்டிலிருந்து மாமா அடித்துப் பிடித்துக்கொண்டு நகரியில் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். “நாம கழனி கட்டிக்கினு, வருசா வருசம் நாராயணவனத்துப் பெருமாள் கோயிலுக்குப் போய்க்கினு கீற ஜனம். இவ இன்னாத்துக்கு அவங்க சாமியப் படிக்கணும்? நாளைக்கு மதம் மாறிட்டான்னா?” அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

நீ அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோறு தின்றுகொண்டிருந்தாய். நிமிராமலே சொன்னாய்: “இல்லாத ஒண்ணப் பத்தித்தானே மச்சான் படிக்கிறா. அது எந்த மதத்துல இல்லாம இருந்தா உனுக்கு இன்னா?”

அழுதுகொண்டிருந்த அம்மாவே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆனால் என்னை நீ விட்டாயா? லீவு நாள் வந்தால் போதும், வம்புக்கு இழுப்பாய். நானும் சளைக்காமல் சொல்வேன். கடவுளுக்கு உடம்பு கிடையாது, பாகங்கள் கிடையாது, மாற்றம் கிடையாது, அவர் காலத்துக்குள் அடங்கியவர் அல்ல. உலகத்துப் பொருள்களை எண்ணிக்கொண்டே போனால் அவற்றில் ஒன்றாக அவர் வரமாட்டார். அவர் என்னவென்று நம் புத்திக்கு எட்டாது, என்னவல்ல என்பது மட்டும்தான் எட்டும். இதைத்தான் அந்தத் துறவிகள் சொன்னார்கள் என்றதும் தொடையில் தட்டிச் சிரித்தாய்.

“அத்தத்தானேடி நானும் இத்தினி நாளா சொல்லிக்கினு கீறேன்! அதுவும் இல்ல, இதுவும் இல்லன்னா, மொத்தத்துல இல்லன்னுதானே அர்த்தம்? உங்க சாமியாருங்க என் கட்சிடி!”

லத்தீனில் படித்த பதில்கள் இருந்தன. உனக்குச் சொல்லும்படி ஒன்றுகூட இல்லை.

சித்தூர் ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் ஒத்துழைக்காமல் படுத்திருந்தபோதும் நீ மறக்கவில்லை. “இன்னா, பதில் கெடச்சிதா?” என்றாய். “பாத்துக்கினே இருக்கேன் நைனா” என்றேன். “மெதுவாப் பாரு. நான் எங்க போவப் போறேன்?” என்றாய். அந்த வாரமே போய்விட்டாய்.

அப்புறம் என்ன? உன் கேள்விதான் என் ஆய்வின் நடுவில் பெரிய ஓட்டையாக நின்றது. அடிக்குறிப்புகளைப் போட்டு மூடிக் கொடுத்துவிட்டேன். யாராவது கண்டுபிடித்துக் கேட்டுவிட்டால் அத்தனை வருஷப் படிப்பும் சரிந்துவிடும் என்ற பயத்தோடுதான் அன்றைக்கு மண்டபத்துக்குள் போனேன். கடைசி வரிசையில் அம்மா. பக்கத்தில், நம்பமாட்டாய், சத்தியவேட்டு மாமா!

சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் துருவித் துருவிக் கேட்டார். நன்மை என்பது கடவுளிடம் இருக்கும் ஒரு குணமா, இல்லை கடவுளே நன்மையா என்றார். அதெல்லாம் தாண்டிவிட்டேன். பிறகு, சபையில் யாராவது கேட்கலாம் என்றார்கள். ஓய்வு பெற்ற தெலுங்கு ஹெட்மாஸ்டர் ஒருவர் எழுந்தார்.

“ஏம்மா, அதி காது, இதி காது அண்ட்டுன்னாவு. அண்ட்டே சிவரிக்கி தேவுடு லேடனே கதா?”

அவர் கேட்டது என்ன தெரியுமா, நைனா? அதுவும் அல்ல, இதுவும் அல்ல என்றால் கடைசியில் கடவுள் இல்லை என்றுதானே ஆகிறது? உன் கேள்வியேதான். ஆனால் தெலுங்கில். அந்த வாக்கியத்தை எனக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். அந்த நொடியில்தான் அவர் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்டது.

நம் வீட்டுப் பேச்சில் எல்லாமே ‘இல்ல’தான். ‘இது பஸ் இல்ல’ என்போம், ‘பஸ் இல்ல’ என்றும் சொல்வோம். முதலாவதில் கண்ணெதிரே ஒரு லாரியாவது நிற்கிறது. இரண்டாவதில் வெறும் ரோடு. எழுதும்போது ‘அல்ல’, ‘இல்லை’ என்று பிரிக்கிறோம், பேசும்போது விட்டுவிடுகிறோம். தெலுங்கில் பேச்சிலும் விடவில்லை. அல்ல என்றால் ‘காது’, இல்லை என்றால் ‘லேது’, ஆண்பாலில் ‘லேடு’. காய்கறிக்காரம்மா முதல் கலெக்டர் வரை யாரும் ஒன்றை வைக்கும் இடத்தில் மற்றதை வைப்பதில்லை. பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையையும் கலந்து பேசியிருக்கிறோமே, உனக்கும் எனக்கும் இது ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை?

அவருக்குத் தெலுங்கிலேயே சொன்னேன். “சார், எத்தனை ‘காது’ சேர்த்தாலும் அதில் ஒரு ‘லேது’ பிறக்காது. உடம்பு காது, காலம் காது, உலகத்துப் பொருள்களில் ஒன்று காது என்று அந்தத் துறவிகள் ஒவ்வொன்றாக விலக்கினார்கள். ஒவ்வொரு ‘காது’வும் நாம் கடவுளுக்குப் போட்ட ஒரு வேலியைப் பிடுங்கியது. ‘லேது’ என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. மற்றதெல்லாம் இருப்பைப் பெற்றுக்கொண்டது, கடவுளோ இருப்பே ஆனவர் என்பதுதான் அவர்கள் கட்சி.”

“பாக செப்பாவம்மா!” நன்றாகச் சொன்னாய் என்று முதலில் கை தட்டிவிட்டு உட்கார்ந்தவரும் அந்தப் பெரியவர்தான். அதற்குப் பிறகு மண்டபமே அதிர்ந்தது. தேர்வாளர் என்னைத் தமிழில் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “புத்தகமாகப் போடும்போது இதிலிருந்து ஆரம்பியுங்கள்” என்றார்.

வெளியே வந்ததும் மாமா என் தலையில் கை வைத்தார். “நீ சொன்னதுல பாதி புரியல. ஆனா அந்தாளு உக்காந்துட்டாரு பாரு, அது போதும்டி!” அம்மா நேரே காணிப்பாக்கம் போய்த் தேங்காய் உடைத்தாள். “காது காதுன்னு நீ கத்திக்கினு இருந்தியே, பிள்ளையாருக்குத்தான் பெரிய காது, கேட்டுட்டாரு” என்கிறாள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன்னை ஜெயித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கடவுள் உண்டா என்பது அன்றைக்குத் தீர்ந்துவிடவில்லை. அந்தச் சாமியார்கள் உன் கட்சி அல்ல, அது மட்டும் தீர்ந்தது. ஆனால் இப்போது எனக்கு ஒரு கேள்வி. மலையடிவாரத்து அலிபிரி தாண்டி, மலையின் ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸே கோவிந்தா போடும்போது, நீ மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு ‘இல்ல’ என்றாயே. அது எந்த ‘இல்ல’, நைனா?

சித்தூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் சேருகிறேன். அந்தத் துறவிகளின் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லுமுன் எதிர்க்கட்சியை எடுத்து வைக்க வேண்டும், அதுவும் நொண்டியாக அல்ல, முழுப் பலத்தோடு. கடவுள் உண்டா என்று கேட்டால் அங்கே முதலில் ஒலிப்பது ‘இல்லை’ என்ற குரல்தான். என் முதல் வகுப்பில் அந்தக் குரல் உன்னுடையதாக இருக்கும். உன் வார்த்தையில், உன் நக்கலோடு, ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்வேன். பாதி வகுப்பு உன் பக்கம் சாய்ந்த பிறகுதான் என் பக்கத்தைப் பேச வாயைத் திறப்பேன். இது சத்தியம்.

உன்னோடு இன்னும் ஒத்துப்போகாத உன் மகள்,
தேன்மொழி