மூடியில் ஓர் அலைக்கோடு

மார்ச் 3

குறட்டை மன்னருக்கு,

நலமா? தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, காற்று ஊதும் மெஷினை மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. "மூஞ்சியில குழாய மாட்டிக்கிட்டு யானை மாதிரி படுக்கணுமா?" என்று சட்டம் பேசினீர்கள். இந்தக் கம்பெனியில் அதே மெஷினின் வெளித்தோற்றத்தை இப்போது நான் வரைந்திருக்கிறேன். முதல் பெட்டி உங்களுக்குத்தான். என் முகத்துக்காகவாவது ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

உங்கள் கோட்டுக்காரி

மார்ச் 11

கோட்டுக்காரிக்கு,

பெட்டி வந்தது. லட்சணமாகத்தான் இருக்கிறது. பட்டறை மேசையில் வைத்திருந்தேன். நாற்காலி வாங்க வந்த அம்மா, "ரேடியோ நல்லாருக்கே, ஒரு பாட்டு வைங்க" என்றார். ஆனால் மூடியில் நீ போட்ட அலைக்கோடு நடுவில் அறுந்து நிற்கிறதே? தச்சன் கண்ணுக்கு அது பிசகு. குறட்டை தாங்காமல் வெளியூர் வேலைக்கு ஓடியவள், மெஷினை அனுப்பிச் சமாதானம் பேசாதே. எனக்கும் ரோஷம் உண்டு.

உன் தச்சன்

மார்ச் 17

ரோஷக்காரருக்கு,

வடிவத்தைப் பதிவு செய்யும் அலுவலகத்திலும் கேட்டார்கள்: "இந்தக் கோடு எதுக்கும்மா?" எதற்கும் இல்லை, அழகுக்கு மட்டும் என்றேன். பொய். அது உங்கள் குறட்டை. பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டு என் கைக்கே மனப்பாடம். ஏறும், இறங்கும், சட்டென்று நின்றுவிடும். அந்த அறுந்த இடத்தில்தான் உங்களை உலுக்குவேன். நான் சத்தத்துக்குப் பயப்படவில்லை சாமி, சத்தம் நிற்பதற்குத்தான் பயந்தேன். எவ்வளவு கெஞ்சியும் நீங்கள் மசியவில்லை. நீங்கள் ஆசைப்பட்டு மாட்டுகிற மாதிரி ஒன்றை வரையத்தான் இங்கே வந்தேன்.

உங்கள் பயந்தாங்கொள்ளி

மார்ச் 24

என் கண்ணுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு மரத்தூளிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றே மாட்டிக்கொண்டேன். காலையில் எதிர்வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறை. "இருக்கீங்களா? சத்தமே காணோமேன்னு பதறிட்டேன்!" இத்தனை நாளும் நான்தான் அவருக்குக் கடிகாரமாம். உடம்பு பஞ்சாக இருக்கிறது. பகலில் ரம்பத்தின் முன்னால் கண் சொக்குவதில்லை. கண்ணாடியிலும் பார்த்தேன். யானைதான், ஆனால் லட்சணமான யானை. நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை. வா.

உன் தச்சன்

மார்ச் 30

யானையாருக்கு,

மேலாளரிடம் போய், "கோட்டுல அந்த இடைவெளிய மூடிடலாம் சார்" என்றேன். "நானும் இதத்தான சொன்னேன், சண்டைக்கு வந்தீங்களே!" என்று வாயைப் பிளந்தார். வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பவும் சம்மதித்துவிட்டார்.

சனிக்கிழமை வருகிறேன். கட்டிலில் என் பக்கம் நீங்கள் குவித்திருக்கும் உளி, சுத்தியல், அழுக்குச் சட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஊர்க்கதை எதுவும் பேச வேண்டாம். உங்கள் பக்கத்தில் படுத்து, பயமில்லாமல், விடியும்வரை தூங்கப் போகிறேன்.

உங்கள் கோட்டுக்காரி