நடுவில் ஒரு இனிஷியல்

வெஸ்ட் நோர்ஹெய்ம், மினசோட்டா
14 ஏப்ரல் 1953, செவ்வாய்

அன்புள்ள மகன் ஹால்வோருக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல் தனிக்கட்சி. நியூயார்க்கில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நீ எழுதப்போவதில்லை. ஏரியில் பனி போன வாரம்தான் உடைந்தது. உன் அக்கா சோல்வெய்குக்கு அடுத்த மாதம் பிரசவம், பையன் பிறந்தால் ஹால்வோர் என்றுதான் பெயர் வைப்பார்களாம், ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சம் வந்துவிட்டது பார். எங்கள் பால் சங்கத்தில் வெண்ணெய் கடையப் புது இயந்திரம் வந்திருக்கிறது, பழையதைவிடச் சத்தம் அதிகம், வேலை அதே. நீ சங்கத்து விலாசத்துக்குப் போட்ட கடிதம் கிடைத்தது. வீட்டுக்கு எழுதாமல் சங்கத்துக்கு எழுதியதிலேயே உன் பயம் தெரிந்தது. புத்தகம் போட்டதைச் சொல்லாமல் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். இன்ஷூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம் பார்க்கிற பிள்ளை கவிதை எழுதினால் அப்பன் கோபிப்பான் என்று நினைத்தாயாம். கோபித்திருப்பேன்தான். ஆனால் அதற்கு எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, ஏனென்றால் இந்த ஊரைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான்.

எப்படி என்று கேட்பாய். அட்டையில் வெறும் ஹால்வோர் நோர்ட்பி என்று போட்டுக்கொண்டாயே, அப்படித்தான். நியூயார்க்குக்குப் போய் நாலு வருஷத்தில் நம் ஊர் வழக்கம் மறந்துவிட்டதா உனக்கு. இங்கே ஹால்வோர் நோர்ட்பி என்று மூன்று பேர், நான் டி., நீ எம்., ஆற்றோரத்துக் குடிகாரன் பி. ஆள் யார் என்று சொல்வதே அந்த நடு எழுத்துதான், முன்னும் பின்னும் உள்ள பெயரெல்லாம் சும்மா. இனிஷியல் இல்லாமல் ஹால்வோர் நோர்ட்பி என்று எழுதினால் அது உயிரோடு இருக்கிறவர்களில் மூத்தவனுக்குப் போகும், என் சித்தப்பா போன பிறகு அந்தப் பெருமை என் தலையில்தான். போன வருஷம் பி. குடித்துவிட்டு வண்டியைச் சர்ச் வேலியில் ஏற்றினானே, மாவட்டப் பத்திரிகைக்காரன் நடு எழுத்தை விட்டுவிட்டு அச்சடித்தான், அதற்கு நான் இரண்டு ஞாயிறு சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இப்போது உன் பதிப்பகத்தார் ஆறு பிரதிகளை அதே மொட்டைப் பெயருக்கு நம் ஊருக்கே அனுப்பிவைத்தார்கள். பார்சல் வழியிலேயே கிழிந்திருந்தது, தபால்காரர் ஆல்ஃப் ஸ்டென்டே கிழிசல் வழியாக அட்டையைப் படித்திருக்கிறார், கிழிசல் போதாத இடத்தில் விரலை விட்டும் படித்திருக்கிறார். நான் பார்சலை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. இல்லை, இது என் மகன் எழுதியது என்று ஆல்ஃபிடம் அடுத்த நாளே சொன்னேன். அவர் கண்ணடித்துவிட்டு, வெட்கம் எல்லாருக்கும் இருக்கும் டி. என்றார். பாதிரியார் மனைவி மிசஸ் ஓப்ஸால் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குள் இவ்வளவு ஈரம் இருக்கும் என்று முப்பது வருஷமாகத் தெரியாமல் போயிற்றே என்று உருகினார், மாதர் சங்க விருந்தில் நான் எழுந்து ஒன்று வாசிக்க வேண்டுமாம். க்ரீம் கேன் இறக்க வரும் விவசாயிகள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். உன் பழைய சிநேகிதன் அர்னேயின் அப்பா மட்டும் நேராகவே கேட்டுவிட்டார், உங்க புருஷன் மாதிரி இவருக்கு ஒரு வரி சொல்ல வரலியேன்னு என் பொண்டாட்டி உன் வீட்டம்மாகிட்ட புலம்புறாளாம், உன்னால எனக்கு ஆறின காப்பிதான்யா கிடைக்குது என்று.

ஊர்க்கதை கிடக்கட்டும், வீட்டுக்கதைக்கு வருகிறேன். பார்சல் வந்த அன்று மதியச் சாப்பாட்டின்போது அம்மா புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கைகளைப் பற்றிய அந்தக் கவிதையை இரண்டு தரம் படித்தாள். குளிர்காலக் காலையில் ஒருத்தி கொதிக்கிற தண்ணீரில் க்ரீம் கேன் கழுவுகிறாள், கழுவுவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் இருக்கும் முட்டைக் கிண்ணத்தில் போடுகிறாள், முடித்ததும் சிவந்துபோன விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான் கவிதை. எனக்குக் கவிதை தெரியாது, ஆனால் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் விறகை அடுக்கினேன் என்பதை உனக்குச் சொல்வதில் தப்பில்லை. அம்மா தலையை நிமிர்த்தி, "இது நீங்க எழுதினதா?" என்று கேட்டாள். அப்போது என் வாய் நிறைய உருளைக்கிழங்கு. மென்று முடிக்கும்வரை பதில் சொல்ல முடியவில்லை, முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல மனம் வரவில்லை. அவள் காப்பி சுட வைக்க எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான் நான் சொன்ன பொய், ஒரு வாய் உருளைக்கிழங்கு. ஆனால் அதற்குப் பிறகு இந்த மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி ஆகிறது, பண்டிகை நாளுக்கு மட்டும் சுடுகிற லெஃப்ஸே ரொட்டி சாதாரணப் புதன்கிழமையில் வெண்ணெயும் சர்க்கரையுமாகத் தட்டில் வந்து விழுகிறது, அடுப்பு முன்னால் நின்று என்னவோ முணுமுணுவென்று பாடுகிறாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், அவள் பாடுவாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

இந்த நேரம் பார்த்து நீ கேட்கிறாய், இரண்டாம் அச்சு போடப்போகிறார்கள், நடுவில் எம். சேர்க்கட்டுமா வேண்டாமா, அப்பா சொல்கிறபடி செய்கிறேன் என்று. இருபத்தொன்பது வயதில் முதல் முறையாக என் பேச்சைக் கேட்க முன்வந்திருக்கிறாய், நன்றாக வாழ்வாய். யோசித்துப் பார்த்ததில் எம். வேண்டாம் என்றே எனக்குப் படுகிறது. பெயர் சுருக்கமாக இருந்தால் வாசகனுக்கு ஞாபகம் இருக்கும். அட்டையில் எழுத்தைப் பெரிதாகப் போடலாம். உன் பதிப்பாசிரியரும் நடு எழுத்து இருந்தால் வக்கீல் பலகை மாதிரி இருக்கிறது என்றாராமே, படித்தவர், அவருக்குத் தெரியாதா. புள்ளி வைத்த இடத்தில் அச்சு மை ஊறும் என்றுகூடக் கேள்விப்பட்டிருக்கிறேன். எல்லாம் உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன், எனக்கு இதில் ஒன்றுமில்லை.

17 ஏப்ரல், வெள்ளி

மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டி ஆல்ஃபின் ஜன்னல்வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். உறையைக் கிழித்துத்தான் இதைச் சேர்க்கிறேன். கடைசிப் பத்தியில் எழுதியிருப்பதில் மை ஊறும் என்பது உள்பட ஒன்றும் உண்மையில்லை. பெற்ற பிள்ளையின் பெயரைத் திருடிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோமே என்று பட்டதும் நேற்று மதியம் வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றாமல், அதை எழுதியவன் நான் இல்லை, நம் பையன் என்று சொன்னேன். அவள் கையை நிறுத்தவே இல்லை. "எனக்கு முதல் நாளே தெரியும். நான் மோதிரத்தைக் கழட்டுற நேரத்துல நீங்க சங்கத்துல இருப்பீங்க, அவன்தான் மேசையடியில உக்காந்து பாத்துக்கிட்டிருப்பான். நீங்க எழுதியிருந்தா கேன்ல கொழுப்பு எத்தனை சதவீதம்னு இருந்திருக்கும்" என்றாள். அப்புறம் எதற்கு இந்தச் சட்டை, லெஃப்ஸே, பாட்டு எல்லாம் என்று கேட்டேன். மாவை ஒரு தரம் புரட்டிப் போட்டுவிட்டு, "வெக்கப்பட்டாவது நீங்களா ஒரு வரி எழுதுவீங்களான்னு பாத்தேன்" என்றாள். ஹால்வோர், நாற்பது வருஷம் பனியில் வேலை செய்தவன் நான், அந்தச் சமையலறையில் வந்த குளிரை வேறெங்கும் கண்டதில்லை. சங்கத்துக்கே திரும்பிப் போய்விட்டேன், அது ஒன்றுதான் எனக்குப் பழக்கம்.

ஆகவே என் உண்மையான யோசனை இது. எம். போடு. நீ பிறந்தபோது இனிஷியல் எதற்கு, பெரியவன் சின்னவன் என்று கூப்பிட்டால் போதும் என்றேன் நான். கடலுக்குப் போய்த் திரும்பாத தன் அப்பா மாக்னுஸின் முதலெழுத்து இருந்தே ஆகவேண்டும் என்று பிரசவக் கட்டிலிலிருந்தே பிடிவாதம் பிடித்தவள் உன் அம்மா. உன் பெயரில் மற்றதெல்லாம் நோர்ட்பிகளுக்குச் சொந்தம், அவள் பங்குக்கு அந்த ஓர் எழுத்துதான். புத்தகம் முழுக்க அவள் கையை வைத்துவிட்டு அட்டையிலிருந்து அவளை எடுத்துவிட்டாயே, அதை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன்.

இன்று காலை சங்கத்தில் க்ரீம் பரிசோதனைத் தாளின் பின்பக்கம் நானும் ஒன்று எழுதினேன். இயந்திரச் சத்தத்தில் எழுதியது, குறை இருக்கும், நீ திருத்த வேண்டாம்.

ராக்னா, முப்பத்தொரு வருஷம் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டேன்.
நீ மோதிரம் கழற்றுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை.
நாளைக்கு ஆறு மணிக்குத்தான் போவேன்.
க்ரீம் காத்திருக்கட்டும்.

மதியம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் வரி நீளம் என்றாள். தாளை நாலாக மடித்து முட்டைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் ஜன்னலைத் துடைத்தாள், ஜன்னல் சுத்தமாகத்தான் இருந்தது.

கடவுள் உன்னை நோய்நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும், உன் எழுத்தும் உத்தியோகமும் ஒன்றையொன்று கடிக்காமல் இருக்கட்டும். அம்மா பின்னிய இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை தனியே வருகிறது, போட்டுக்கொள், கவிஞனுக்கும் சளி பிடிக்கும். இன்னொன்று. என் நாலு வரியை யாருக்காவது காட்டினாலோ எங்காவது அச்சுக்குக் கொடுத்தாலோ நடுவில் டி. போட மறந்துவிடாதே. ஊருக்காகச் சொல்லவில்லை, யார் எழுதியது என்று அவள் ஒரு தரம் கேட்டாள், இனி கேட்க வேண்டியிராது.

உன் அன்புள்ள அப்பா,
ஹால்வோர் டி. நோர்ட்பி