அறுபத்துநாலாவது லெவல்

நைனா,

இன்று காலை அந்தக் கேள்வி மறுபடியும் என் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு வருடப் பட்டப்படிப்பு முடிந்துவிட்டது, மருத்துவப் பாதி அடுத்த வாரம் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்த ஒரே கோர்ஸ்தானே, பழைய விவரங்களை இவர்களே எடுத்துக்கொள்ளக் கூடாதா? கூடாதாம். புதுப் படிவம். பெயர், பிறந்த ஊர், போட்ட தடுப்பூசி என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். பாதியில் ‘தகப்பனாரின் ஹையஸ்ட் லெவல்’ என்று ஒரு வரி. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதற்கு அடுத்த வரியைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ‘உயிருடன் இருக்கிறாரா?’ என்று கேட்டிருந்தது.

எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று இந்தப் படிவம் தயாரிக்கிறவர்களுக்குக் கொஞ்சமும் அறிவில்லை. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ மைன் கதையை எனக்கு நூறு தடவை சொன்னாய், நான் ஒரு தடவை திருப்பிச் சொன்னால் குறைந்து போய்விடாது. நந்திதுர்க் தங்க மைனில் நீ எட்டு வருடம் கேஜுக்கு மணி அடித்தாய். ஆட்களை லெவல் லெவலாக ஆழத்துக்கு இறக்கி ஏற்றும் அந்தக் கூண்டை மேலே இருக்கிற டிரைவர் ஓட்டுவார். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது, காதுதான். மணிக் கணக்கை வைத்துத்தான் எல்லாம். மைனை மூடியதும் நீ மாரிகுப்பத்தில் விடியற்கால ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆப்பரேட்டர் ஆனாய். லிஃப்டைக் கடைசிவரை கேஜ் என்றுதான் சொன்னாய். மாடி என்ற சொல் உன் வாயில் வந்ததே இல்லை, லெவல்தான். “மூணாவது லெவல், பிரசவ வார்டு, எறங்குங்க” என்று நீ கூவினால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த பெண்களும் ஒரு நிமிடம் வலியை மறந்து உன்னை முறைப்பார்கள்.

நான் நீட் எழுதி வழுக்கி விழுந்த வருடம் அது. வீட்டில் சும்மா இருந்தபோதுதான் இந்த அமெரிக்கக் கோர்ஸ் கண்ணில் பட்டது. பட்டப்படிப்பும் மருத்துவமும் சேர்ந்து எட்டு வருடம், நடுவில் வேறு நுழைவுத் தேர்வு கிடையாது, தேறியவர்களின் முழுச் செலவும் கல்லூரியுடையது. வெளிநாட்டுக்காரர்களுக்கு இரண்டே இரண்டு இடம். உலகம் பூராவும் முட்டி மோதுகிற அந்த இரண்டு இடத்துக்கு நந்திதுர்க் மைன் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து ஒருத்தி. கிடைக்காவிட்டால் டாக்டர் கனவை மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்னபோது நீ பயப்படவில்லை. “எட்டு வருசமா? நான் மைன்ல இருந்ததே அவ்ளோதான். போயிட்டு வா” என்றாய், ஏதோ பக்கத்திலிருக்கிற பேத்தமங்களா வரைக்கும் போய் வருகிற மாதிரி.

பரீட்சை மார்க்கெல்லாம் சரியாக இருந்தது. ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு டாக்டரை நிழல்போலப் பின்தொடர்ந்து எத்தனை மணி நேரம் கழித்தாய் என்று கேட்டிருந்தார்கள். நம்ம ஊரில் இரண்டு கிளினிக்கில் போய்க் கேட்டேன். ஒன்றில் “கம்பவுண்டர் வேலைக்கா?” என்றார்கள். இன்னொன்றில் டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து நீ சொன்னதை என்னால் மறக்க முடியாது.

“இதுக்கா அழுவுற? டாக்டருங்கள ஒட்டிகினு நிக்கணும், அவ்ளோதானே? என் கேஜுக்கு வா. அதுல நிழலுக்குக்கூட எடம் இல்ல, ஒட்டிகினுதான் நிக்கணும்.”

ஏப்ரல் மாதம் முழுக்க உன் லிஃப்டில் மூலையில் நின்று மேலும் கீழும் போய் வந்தேன். இதய டாக்டர் முப்பது நொடி, எலும்பு டாக்டர் இருபது நொடி, ஐந்தாவது மாடிக்குப் போகிற மூளை டாக்டர் வந்தால் உனக்குக் கொண்டாட்டம். “நல்ல நீட்டு சவாரி, எழுதிக்கோ” என்று கிசுகிசுப்பாய். நோட்டில் எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் நாற்பத்தாறு மணி நேரம் என்று கணக்குக் காட்டினாய். டாக்டர் இல்லாமல் வெறும் சாப்பாட்டு வண்டி ஏறிய நேரத்தையும் நீ சேர்த்திருப்பாய் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கியபோது எனக்கு மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என் பகுதியை நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். பெற்றோர் பகுதியை மட்டும் “அது என் பேப்பரு, நீ மூக்க நுழைக்காத” என்று வாங்கிக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாய். எழுதி, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, ஸ்கேன் பண்ணி, அவர்களைக் கொண்டே அனுப்பியும் விட்டாய்.

மூன்று நாள் கழித்துக் கண் திறந்ததும் போனில் அதைப் பார்த்தேன். படிப்பைப் பற்றிக் கேட்ட இடத்தில், கொட்டை எழுத்தில் உன் ஆங்கிலம். ஹையஸ்ட் லெவல்: சிக்ஸ்டி ஃபோர். முடித்த வருடம்: நாட் கம்ப்ளீட்டட். காரணம்: மைன் க்ளோஸ்டு. நாட் மை மிஸ்டேக்.

நிழல் மணி நேரத்துக்கு எதிரே ‘இடம்’ என்ற கட்டத்தில் நான் ஆஸ்பத்திரிப் பெயரைத்தான் சொன்னேன். நீ அதை அடித்துவிட்டு ‘லிஃப்ட்’ என்று எழுதியிருந்தாய்.

அன்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழி கூரை ஏறிவிட்டது. “அது படிப்பக் கேக்குது நைனா! எத்தினியாவது வரைக்கும் படிச்சன்னு கேக்குது!” என்று கத்தினேன். நீயோ, “படிப்புன்னு போட வேண்டியதுதானே? லெவல்னு போட்டான், லெவல சொன்னேன். பொய்யா எழுதுனேன்?” என்றாய். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அறுபத்துநாலு லெவல் எறங்கினியே, ஒரு மூக்குத்திக்கு ஆவுறாப்ல எடுத்தாந்தியா? இப்ப பொண்ணு பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டுட்ட.”

அன்று ராச்சோறு சாப்பிடாமல் நீ சட்டையை மாட்டிக்கொண்டு மைன் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கம் போய்விட்டாய். நானும் சமாதானம் பேசவில்லை. ஒரு வாரம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. இப்போது அந்த ஒரு வாரம் எனக்குத் திருப்பி வேண்டும் நைனா, யாரிடம் கேட்பது?

அப்புறம் அந்த மின்னஞ்சல் வந்தது. வீடியோ பேட்டி, நமக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு. நம் வீட்டில் சிக்னல் வருகிற ஒரே இடம் ஜன்னலின் மேல்கம்பி. அதனால் நீ முக்காலியில் ஏறிப் போனை உயர்த்திப் பிடிக்க வேண்டியது, நான் கீழே லேப்டாப்போடு உட்கார வேண்டியது என்று ஏற்பாடு. வாயைத் திறந்தால் நடப்பதே வேறு என்று உன்னை மிரட்டி வைத்திருந்தேன்.

திரையில் ஒரு வெள்ளை முடி டாக்டரம்மா, பக்கத்தில் கண்ணாடிக்கார டாக்டர் ஒருவர். கால்மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று அந்த அம்மா காகிதத்தைத் தூக்கி, உன் அப்பாவின் லெவல் அறுபத்துநாலு என்றிருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். மன்னிக்க வேண்டும், அது தவறுதலாக எழுதியது என்று ஆரம்பித்தேன்.

“நோ மிஸ்டேக் மேடம்! சிக்ஸ்டி ஃபோர்!”

முக்காலி மேலிருந்து நீதான். ஆறு நாலு என்று விரலால் வேறு காட்டப் போய்ப் போன் ஆடியது, சிக்னல் அறுந்தது. டாக்டரம்மா பாதி திறந்த வாயோடு திரையில் உறைந்து போனார். என் எட்டு வருடமும் அந்த வாய்க்குள் போய்விட்டது என்றே நினைத்தேன். அம்மா ஓடி வந்து உன்னைக் கீழே இழுத்துவிட்டு, புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு தானே முக்காலி ஏறினாள். இணைப்பு திரும்பி வந்தது. அவர்கள் முதலில் கேட்டது என்னையல்ல. அந்தச் சத்தம் போட்டவரைப் பார்க்க முடியுமா என்றார்கள்.

நீ வந்து உட்கார்ந்தாய். தலையை வாரிக்கொண்டு வேறு வந்தாய், கடன்காரா! உன் ஆங்கிலமும் உன் கையும் சேர்ந்து அவர்களை அறுபத்துநாலாவது லெவல் வரை இறக்கிவிட்டு ஏற்றின. ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று மணி அடிப்பதற்கு வந்ததும் நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய். மூன்று அடித்தால் உள்ளே இருப்பது கல் இல்லை, மனிதர்கள், மெதுவாக ஓட்டு.

அப்போது கண்ணாடிக்காரர் என் பக்கம் திரும்பி, லிஃப்டில் நாற்பத்தாறு மணி நேரம் நின்று நீ என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டார். ஒரு மாதம் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் ஒன்றும் வரவில்லை. நான் பார்த்ததைத்தான் சொன்னேன். ஸ்ட்ரெச்சர் ஏறும்போதெல்லாம் என் அப்பா விரல்முட்டியால் லிஃப்ட் சுவரில் மூன்று தடவை தட்டுவார். இங்கே ஓட்டுவதும் நீதானே, யாருக்குத் தட்டுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். “எனக்குத்தான். நாளெல்லாம் ஏத்தி எறக்குனா எல்லாமே சரக்கு மாதிரியே தெரியுது பாரு” என்றார். அதை மட்டும்தான் தெரிந்துகொண்டேன் என்றேன். டாக்டரம்மா எதையோ எழுதினார். அம்மாவுக்குக் கை வலித்துப் போன் இறங்கியது, மறுபடியும் எல்லாரும் உறைந்தார்கள்.

இடம் கிடைத்தது. உன் அறுபத்துநாலால் கிடைத்ததா, அதையும் மீறிக் கிடைத்ததா என்று நாம் கடைசிவரை சண்டை போட்டோம். நீ அந்த வாரம் முழுவதும் லிஃப்டில் ஏறிய ஒவ்வொரு நோயாளியிடமும் “நாலாவது லெவல், ஆபரேஷன் தியேட்டரு. என் பொண்ணு அமெரிக்கா போவுது” என்று ஒரே மூச்சில் சொன்னாயாம். ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் உனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

நான் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது உனக்கு நெஞ்சு வலி வந்தது. நான் விமானத்தில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் அம்மா சொன்னதை எழுதுகிறேன். உன்னை உன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். நீ ஓய்வு பெற்ற பிறகு அந்த லிஃப்ட்டுக்கு ஆள் போடவில்லை.

“பட்டன அமுக்குனா அதுவே போவுது பாப்பா. யாரும் தட்டல. எனக்கு மனசு கேக்கல. நானே தட்டுனேன், மூணு.” அம்மாவேதான், உன் மைன் கதை தொடங்கினாலே பாத்திரத்தை உருட்டுகிற அதே அம்மா. “அப்ப கண்ணத் தொறந்தாரு. ‘மெதுவா தட்டு, கேப் வுட்டு தட்டு. டிரைவரு கொழம்பிடுவான்’னாரு. போற நேரத்துலயும் குத்தம் சொல்லிட்டுதான் போனாரு, பாவி மனுசன்.”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன், அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம்.

இதுவரை எழுதிவிட்டு லேப்டாப்பை மறுபடி திறந்தேன். இந்தப் படிவத்தில் நாமாக எழுத வழியில்லை, பட்டியலிலிருந்து பொறுக்க வேண்டும். பள்ளி, கல்லூரி, முதுகலை. அறுபத்துநாலு இல்லை. அடிவரை போய் ‘மற்றவை’ என்பதை அழுத்தினேன். ஒரு சின்னக் கட்டம் திறந்தது. சிக்ஸ்டி ஃபோர், மைன் க்ளோஸ்டு, நாட் ஹிஸ் மிஸ்டேக் என்று அடித்தேன். உயிருடன் இருக்கிறாரா என்ற அடுத்த வரிக்கு ‘இல்லை’ என்றும் அடித்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் போய் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஒற்றைச் சொல்லோடு உன்னைச் சரக்கு மாதிரி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மேஜையில் விரல்முட்டியால் தட்டினேன். மெதுவாக, இடைவெளி விட்டு, மூன்று தடவை. அப்புறம்தான் அனுப்பினேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, என்னோடு தங்கியிருக்கிற தோழி, யாராவது வந்திருக்கிறார்களா என்று அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“ஆமாம்” என்றேன்.